மூணாவது சந்துக்கு லேண்ட்மார்க்

கொரியர் வேலைக்கு எடுக்கும்போது வண்டி ஓட்டத் தெரியுமான்னுதான் கேட்டாங்க. லேண்ட்மார்க் சொன்னாப் புரியுமான்னு ஒருத்தரும் கேக்கலை. பெட்டியைத் தூக்கிட்டு வெயில்ல சந்து சந்தா அலையற என் கூட்டாளிகளே, இந்தப் பாடு உங்களுக்குத் தெரியும்.

எனக்கு விசைத்தறி ஓடற குமாரபாளையம் ஏரியா. மூணு நாள் போயும் ஆள் கிடைக்கலைன்னா பார்சல் திரும்பிப் போயிரும். அந்த வாரம் என் பையில ஒரு சின்னப் பெட்டி; உள்ளே காது மெஷின். ரங்கசாமி, மூணாவது சந்து. கதவு நம்பர் இல்லை. அனுப்பின மகன் பெங்களூர்ல இருந்து பேசினார்: "அப்பா போன மாசந்தான் ஊடு மாறினாருங்க, நானே இன்னும் பாக்கலை. நான் பேசறது அவருக்குக் கேட்டு ரெண்டு வருசமாச்சுங்கக்கா."

எதிர் ஊடு

முதல் நாள் அதே சந்துல சரசக்காவுக்கும் ஒரு பார்சல். லேண்ட்மார்க் கேட்டா, "டீச்சர் ஊட்டுக்கு எதிர் ஊடுங்க"ன்னாங்க. டீச்சருக்கும் ஒரு பார்சல் இருந்துச்சு, நல்லதாப் போச்சுன்னு அவங்களைக் கூப்பிட்டேன். "சரசக்கா ஊட்டுக்கு எதிர்லங்க." நடுச்சந்துல நின்னு ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்து எனக்குத் தலையே சுத்துச்சு. டீச்சர் மாடியில இருந்து எட்டிப் பாத்துச் சொன்னாங்க: "ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தானாத் தெரிஞ்சிருமுங்களே?"

செகப்பு நூல்

இன்னொருத்தர், "வாசல்ல செகப்பு நூல் காயும், நேரா வந்துருங்க"ன்னார். போனா சந்து முழுக்க வெள்ளை நூல்தான். ஒரு மணி நேரம் அலைஞ்சு கண்டுபிடிச்சதும், என்னைக் கோவிச்சுக்கிட்டார்: "மத்தியானம் வந்து நூலைத் தேடினா எப்படிங்க? அது பதினோரு மணிக்கே காஞ்சுருச்சு."

தறி ஓடற ஊடு

ரங்கசாமி ஐயா போனைச் சட்டைப் பையில வெச்சிருப்பார் போல. அது நடுங்கினா எடுத்துருவார். நான் பேசறது எதுவும் காதுல ஏறாது. அவர் பாட்டுக்குச் சொல்லிட்டு வெச்சுருவார்: "தறிச் சத்தம் கேக்குமுங்க சாமி, அந்த ஊடுதான்." மூணாவது சந்துல தறி ஓடாத ஊடு எது? முதல் நாளும் இதே, ரெண்டாம் நாளும் இதே. கதவு கதவாத் தட்டினேன். அந்த இரைச்சல்ல யார் திறப்பாங்க? எனக்கு அழுகையே வந்துருச்சு. காது கேக்காத ரங்கசாமி ஊடு எதுன்னு டீக்கடையில கேட்டேன். கடைக்காரர் டீயை ஆத்திக்கிட்டே சொன்னார்: "இந்தச் சந்துல காது கேக்கற ரங்கசாமி யாருன்னு சொல்லுங்க அம்மிணி, காட்டறேன்."

கரண்ட் போச்சு

மூணாம் நாள். சாயங்காலம் பெட்டி திரும்பிப் போகணும். சந்து முனையில நின்னு நம்பரைப் போட்டேன், எடுக்கலை. மறுபடியும் போட்டேன். அப்பப் பாத்துப் பொசுக்குன்னு கரண்ட் போச்சு. தறியெல்லாம் நின்னு சந்தே கப்சிப். எங்கியோ ஒரு போன் மட்டும் விடாம அடிக்குது. கட் பண்ணினேன், நின்னுச்சு. திரும்பப் போட்டேன், அடிச்சுச்சு. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே போனா, ஆணியில தொங்கற சட்டைக்குள்ள போன். அதுக்குக் கீழ ஒரு பெரியவர் நிம்மதியாச் சோறு தின்னுக்கிட்டிருந்தார்.

மெஷினை நான்தான் காதுல மாட்டிவிட்டேன். மகனுக்குப் போன் போட்டுக் குடுத்தேன். "கேக்குது கண்ணு"ன்னார். கொஞ்ச நேரம் காதுலயே வெச்சிருந்துட்டு, "ஏங்கண்ணு அழுகற?"ன்னார்.

அதுக்குள்ள கரண்ட் வந்து, பக்கத்து ஊடு, எதிர் ஊடுன்னு ஒவ்வொரு தறியா ஓட ஆரம்பிச்சுது. ஐயா வாசலுக்கு வந்து இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். "ஏஞ்சாமி, எல்லா ஊட்டுலயும் ஓடுது. பின்னே என் ஊட்டை எப்படிக் கண்டுபுடிச்சே?"

எடுக்காத போனும் ஒரு லேண்ட்மார்க்தான்னு அவருக்கு நான் எப்படிங்க சொல்றது?