கடல்தண்ணீர் ஊற்றிய எர்த்

உப்பு அரவைக் கொட்டகையில் வயர்மேனாக இருந்தபோது ஒரு பெண்ணைச் சாகடிக்கப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. செத்திருந்தால் அவளுக்கு அதில் என்ன வித்தியாசம்?

யுத்தம் முடிந்த சமயம். பாபநாசத்து மின்சாரம் தூத்துக்குடிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எண்ணெய் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கள் முதலாளியும் மோட்டார் வாங்கினார். மின்சாரக்காரர்கள் கம்பியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான். கசிகிற மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்குகிற எர்த் நம் பாடு. கொட்டகைக்குப் பின்னால் மணலில் ஒரு இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினேன். செம்புக் கம்பி எங்கு தேடியும் கிடைக்கவில்லை. இரும்புக் கம்பியைத்தான் குழாயோடு முடுக்கினேன், அதுவும் மணலுக்கு அடியில்.

அந்த மணல் காயக்கூடாது. காய்ந்தால் மின்சாரம் பூமிக்குள் இறங்காது. ஆனால் குடிக்கிற தண்ணீருக்கே ஊரில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். மணலில் ஒரு குடம் ஊற்றினால் என்னை உரித்துவிடுவார்கள். கடல் ஐம்பது அடியில் கிடக்கிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் இன்னும் நன்றாகப் போகும். தினம் இரண்டு வாளி கடல்தண்ணீர் ஊற்ற வைத்தேன். பெரிய மூளைக்காரன் என்று எனக்கு நினைப்பு.

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு டிரிப் பெட்டியும் வைத்திருந்தேன். கப்பல் சாமான் கடையில் பழையதாக வாங்கியது. உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் ஒன்று. அதன் ஒரு முனை மோட்டார் சட்டத்தில், மறு முனை எர்த் குழாயில். சட்டத்தில் மின்சாரம் கசிந்தால் அது காயில் வழியாகப் பூமிக்குப் போகும், பெட்டி டக்கென்று லைனை வெட்டிவிடும். எர்த் இல்லையென்றால் அது வெறும் தகரம். சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் வெட்ட வேண்டும். வாரம் ஒருமுறை அமுக்குவேன். ஒவ்வொரு முறையும் மில் நின்றுபோக, முதலாளி கத்தினார். அமுக்குவதை விட்டுவிட்டேன்.

அரவைத் தொட்டியில் உப்பு கொட்டுகிற பெண் ஒருத்தி. வெறுங்கால், தரையெல்லாம் ஈர உப்பு. ஒருநாள் காலையில் இரும்புத் தொட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது என்றாள்.

"கையில வெடிப்பு இருக்குல்லா. உப்பு பட்டா எரியத்தான் செய்யும்ளா" என்றேன். உண்மையில் உப்பில் வேலை செய்கிற எல்லார் கையும் வெடித்துத்தான் இருக்கும். நானே போய்த் தொட்டியைத் தொட்டுக் காட்டினேன். ஒன்றுமில்லை. என் காலில் டயர் செருப்பு கிடந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி வந்தாள். "போன வாரம் கட்டெறும்பு, அண்ணாச்சி. இப்போ தேளு."

"உப்புதான்."

"குவியல்ல கைய விட்டா கடிக்கல. தொட்டியத் தொட்டாத்தான் கடிக்கி. உப்பு ஆள் பாத்து, இடம் பாத்துக் கடிக்குமோ?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவள் வாயை அடைக்கத்தான் பொத்தானை அமுக்கினேன்.

வெட்டவில்லை.

மறுபடி அமுக்கினேன். மில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

"தொடாத" என்று கத்தினேன். மெயின் சுவிட்சை இழுத்து, பியூஸ் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

முதலாளி வந்தார். "தோணி காத்துக்கிட்டு நிக்கி. காத்து மாறுமுன்ன ஏத்தணும். பியூஸப் போடும்வே."

"எர்த் இல்ல. போட மாட்டேன்."

"இம்புட்டு நாளு ஓடலையா?"

"இம்புட்டு நாளும் ஒருத்தரும் சாவல. அம்புட்டுதான்."

"பொம்பள சொல்லுதான்னு மில்ல நிப்பாட்டுதீரோ? வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

"பாருங்க. அதுக்கு முன்ன நீங்க செருப்பக் கழத்திட்டு, இந்த ஈரத்துல நின்னு தொட்டியப் பிடிங்க, அண்ணாச்சி. இப்பவே போடுதேன்."

அவர் செருப்பைப் பார்த்தார். கழற்றவில்லை.

மணலைத் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் கம்பி கையோடு வந்துவிட்டது. குழாயோடு முடுக்கிய இடத்தில் கம்பியே இல்லை, துருப்பொடிதான் இருந்தது. கடல்தண்ணீர் தின்றுவிட்டது.

"யாரு கடல்தண்ணிய ஊத்தச் சொன்னது?" என்றார் முதலாளி.

"நான்தான்."

குழாயின் தலையில், மணலுக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், புதுக் கம்பியை முடுக்கினேன். மணலில் ஊற்ற அவள் தன் குடத்தைக் கொண்டுவந்தாள். நல்ல தண்ணீர். பாதிக் குடம் ஊற்றினாள்.

"மத்தியானம் கஞ்சிக்கு உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பேன்" என்றாள்.

பியூஸைப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். டக். பெட்டி நன்றாக இருந்தது. பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டேன். உறுமி ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. டக். மறுபடி போட்டேன். டக்.

"பெட்டி கெட்டுப்போச்சா?" என்றார் முதலாளி.

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல. மோட்டாருதான் கெட்டுக் கெடக்கு."

மோட்டாரில் கம்பி சேர்கிற இடத்து மூடியைத் திறந்தேன். உள்ளே உப்புத்தூள் நசநசவென்று அப்பியிருந்தது. அதன் வழியாகத்தான் மோட்டார் சட்டத்துக்கும், அதோடு சேர்ந்த தொட்டிக்கும், அங்கிருந்து அவள் கைக்கும் மின்சாரம் வந்திருக்கிறது. நாளுக்கு நாள் கூடியும் இருக்கிறது. தேளுக்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

அன்று மில் ஓடவில்லை. தோணி பாதிச் சரக்கோடு போனது. முதலாளி என்னோடு பேசவில்லை, வேறு ஆளையும் பார்க்கவில்லை.

அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ உப்பு இல்ல?"

"இல்ல."

"போன வாரமே சொன்னேன்லா, அண்ணாச்சி."

சொன்னாள். நான் செருப்புக் காலோடு தொட்டுப் பார்த்தேன். அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும், முதலாளி கத்தக் கத்த, பொத்தானை அமுக்கினேன். அந்த டக் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கூடையைத் தூக்குவாள். என் வார்த்தையை நம்பி அவள் ஒருநாளும் தூக்கவில்லை.