முள் மூன்றில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

கார் என்னுடையது. என் வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை வியர்க்கும். அதனால் காலையில் கும்மிடிப்பூண்டிக்கு நான்தான் ஓட்டுவேன், அவரை அவர் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு என் கம்பெனிக்குப் போவேன். பழைய சின்ன பெட்ரோல் கார். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் டர்போ ஏற்றியிருந்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சாமான் அது. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் வாங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பழைய பம்ப் போதவில்லை என்று புதுவாயலில் எங்கள் மெக்கானிக் பெரிய பம்ப் ஒன்றை மாட்டினார். அன்றிலிருந்து பேஜாரு. நின்ற இடத்தில் கறுப்புப் புகை, சேலையெல்லாம் பெட்ரோல் வாடை. ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"பிரஷர் ஜாஸ்தியா போவுதுமா, கொறைக்கணும்" என்று சொல்லி, அழுத்தத்தைத் திருகி வைத்துக்கொள்கிற ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டார். எஞ்சினுக்கு வேண்டிய அழுத்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, மிஞ்சுகிற பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. எங்கள் காருக்கு மூன்று பார் அழுத்தம் போதும். ஆனால் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜின் முள் நாலைத் தாண்டி நின்றது. திருகை முழுசாகத் தளர்த்தியும் இறங்கவில்லை. ரெகுலேட்டர்தான் கோளாறு என்று இன்னொன்று வாங்கி மாட்டினோம். அதுவும் நாலைத் தாண்டியே நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில், தகட்டை அமுக்கி வளைக்கும் பெரிய மெஷின்களின் ஆயில் லைன்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. வருவாள், அண்ணனோடு கொஞ்சம் பேசுவாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். கர்வம் பிடித்தவள் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அன்று நான் பானெட்டைத் திறந்து வைத்து எரிச்சலோடு நின்றுகொண்டிருந்தேன். நாஷ்டா முடித்துவிட்டு வெளியே வந்தவள் கேஜைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, எவ்ளோ வரணும்?"

"மூணு. ரெண்டு ரெகுலேட்டர் மாத்தியாச்சு. அசையவே மாட்டேங்குது."

அவள் ரெகுலேட்டரைத் தொடவே இல்லை. "மிச்சம் எந்த வழியா திரும்பிப் போவுது?" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். டேங்குக்குத் திரும்புகிற அந்தக் குழாய் காரோடு வந்த பழைய குழாய், பென்சிலை விட ஒல்லி. அதை விரலால் தடவிக்கொண்டே போய், குனிந்து காருக்கு அடியிலும் பார்த்தாள்.

"பம்ப் பெருசு, திரும்பற வழி பழசு. கதவை எவ்ளோ திறந்து வுட்டாலும் வெளியே சந்து குறுகலா இருந்தா கூட்டம் உள்ளேதானே நிக்கும்? ரெகுலேட்டர் மேல தப்பே இல்லன்னு தோணுது அண்ணி. ஆனா தோணினா போதாது, பாக்கணும்."

காரைத் தெருவுக்குத் தள்ளச் சொன்னாள். எதிர்வீட்டில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரை உள்ளே போகச் சொன்னாள். வீட்டில் இருந்த தீயணைக்கும் சிலிண்டரை அண்ணன் கையில் கொடுத்து, "இங்கயே நில்லு" என்றாள். எஞ்சினை ஓடவிடவில்லை. ரெகுலேட்டரிலிருந்து ஒல்லிக் குழாயைக் கழற்றி, மெக்கானிக் காரிலேயே விட்டிருந்த தடித்த பெட்ரோல் ஹோஸ் துண்டை மாட்டி, மறுமுனையை மூடி போட்ட கேனுக்குள் செருகிக் கட்டினாள். பிறகு பம்பை மட்டும் சில விநாடி ஓடவிட்டாள். முள் இரண்டரைக்கும் கீழே விழுந்தது.

நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அவள் பம்பை நிறுத்திவிட்டு, கேனின் மூடியை முதலில் இறுக்கினாள்.

"உங்க பேக்டரியில நல்ல ஹோஸ் கெடக்குமே, கொண்டு வாயேன்" என்றேன்.

"அது ஆயிலுக்கு. பெட்ரோல் பட்டா உள்ளே ஊறிப் போவும். பெட்ரோலுக்குன்னு இருக்கறதுதான் போடணும். ஒரு வாரம் பஸ்ல போங்க அண்ணி."

போனேன்.

அடுத்த ஞாயிறு அவளே என்னோடு மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தாள். எனக்கு அவர் மேல் கோபம். போனதும் பொரிந்து தள்ளலாம் என்றிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அண்ணா, நீங்க போட்ட ரெண்டு ரெகுலேட்டரும் நல்லாத்தான் இருக்குது. திரும்பற லைன்தான் பத்தலை. அடியில எறங்கி வேலை பாக்கற உங்க பள்ளத்து மேல காரை நிறுத்தினா சேர்ந்தே மாத்திடலாம்." அவர் முகம் சுருங்க இடமே இல்லாமல் போய்விட்டது. டேங்க் வாய் வரைக்கும் அகலமான லைனை இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

பிறகு செட்டிங். எஞ்சினைச் சூடாகும் வரை ஓடவிட்டாள். காற்றின் அழுத்தத்தை ரெகுலேட்டருக்குச் சொல்கிற சின்னக் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தாள். திருகைக் கால் சுற்று திருப்புவாள், கையை எடுத்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாள், மறுபடி கால் சுற்று. மூன்று வந்ததும் பூட்டு நட்டை இறுக்கினாள். இறுக்கும்போது முள் ஒரு மயிரிழை ஏறியது. மெக்கானிக், "இது போதும்மா" என்றார். "போதும்தான்ணா" என்று சொல்லிவிட்டு நட்டைத் தளர்த்தி மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள். இந்தத் தடவை மூன்றிலேயே நின்றது. குழாயைத் திரும்ப மாட்டியதும் இரண்டரைக்கு இறங்கியது. நின்ற இடத்தில் ஓடும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் அப்படித்தான் இறங்க வேண்டுமாம்.

டர்போ அழுத்தும்போது அதே அளவு பெட்ரோல் அழுத்தமும் ஏறுகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டாள். எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் பம்பை மட்டும் ஓடவிட்டு, மீட்டர் வைத்த சைக்கிள் பம்பால் அந்தச் சின்னக் குழாய்க்குள் அரை பார் காற்று அடித்தாள். முள் மூன்றரைக்குப் போய் நின்றது. குழாய் கழன்றுவிடாமல் இருக்க ஒரு கிளிப்பையும் மாட்டினாள்.

கேஜைக் காருக்குள் கொண்டுவரலாம் என்று நான் சொன்னபோதுதான் முதல்தடவையாகக் குரலை உயர்த்தினாள். "பெட்ரோல் வர்ற குழாய் உள்ளே வரவே கூடாது!" கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே, வைப்பருக்கு அடியில் கட்டிவைத்தாள். ஹைவேயில் ஏறினோம். லாரிகள் குறைந்த இடத்தில் மிதித்தேன். அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. டர்போ ஏற ஏற முள்ளும் கூடவே ஏறியது. காலை எடுத்ததும் பதறாமல் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் புகை இல்லை.

ஆரம்பாக்கம் பக்கம் டீக்கடையில் நிறுத்தினோம். "எப்பிடிம்மா பாத்தவுடனே கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "பாத்தவுடனேயா? வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு பிரஸ்ஸுக்கு மூணு வால்வு மாத்தினேன் அண்ணி. ரெண்டு நாள் மெஷின் நின்னுபோச்சு. கடைசியில பாத்தா, ஆயில் திரும்பற வழியில பில்டர் அடைச்சிகினு இருந்துது. அன்னிக்கு டாய்லெட்டுல போய் அழுதேன். அதிலேர்ந்து முதல்ல திரும்பற வழியத்தான் பாக்கறது."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். ஒருவேளை, அவளிடம் நான் கேள்வி கேட்டதும் அன்றுதானோ என்னவோ. இன்னொரு டீ சொன்னேன். அந்த பிரஸ் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்ட ஆரம்பித்தாள்.