கடைசி அத்தியாயம் மட்டும் நேரில்

காசிம் பாய் இறந்துவிட்டார் என்ற செய்தி, ஞாயிறு மாலை செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஃபோனுக்கு வந்தது. கேட்டுவிட்டுத் திரும்பினேன். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த அக்கா, "பாய்க்கு ட்ரெயின் லேட்டாடா?" என்றாள். அவளுக்குப் பார்வை போய் ஆறு வருஷம். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

தாராவியில் நம் நூலகத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவரைத் தெரியும். தோல் பை பட்டறைக்காரர். பட்டறை மாடியில் இருந்த இரண்டு அலமாரிப் புத்தகங்களுக்கும் அவரே நூலகர். தமிழ் படிக்க வராத நம் பிள்ளைகளுக்காகவும் அக்காவுக்காகவும் நாவல்களை வாசித்துக் காசெட்டில் பதிந்தார். மதியத் தூக்கத்தில் பாதி, விழிப்பில் பாதியாக அந்தக் குரல் எங்கள் அறையில் மிதந்துகொண்டிருக்கும். பின்னால் தையல் மிஷின் ஓடும். கதையில் மழை பெய்கிறது என்று அக்கா நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கியிருந்தபோது, காசெட் கடைக்காரர் ஒருவர் இதைப் பிரதி போட்டு விற்கலாமா என்று கேட்டு வந்தார். பாய் ஆடிப்போய்விட்டார். எழுதியவரை ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை நாள் பதிந்திருக்கிறோமே என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. கொடுத்த காசெட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கிப் பூட்டினார். அனுமதி கேட்டுப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். டைப் அடித்தவன் நான்தான்.

எனக்குச் சரியான கோபம். மனுஷனுக்கு மனசாட்சி ஒரு அளவோடு இருக்கக் கூடாதா? கண் தெரியாதவள் முடிவுக்காகக் காத்திருக்கிறாள், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கத்தினேன். அவர் தைத்துக்கொண்டே சொன்னார்:

"தெரியாமச் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்கலாம் தம்பி. தெரிஞ்சும் செஞ்சா என்னத்தச் சொல்லிக் கேக்க?"

அந்த வாரம் அக்காவுக்கு ஒரு காசெட் அனுப்பினார். அதில் இருந்தது அவருடைய சொந்தப் பேச்சு மட்டும். அதனால் அதை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு, வடாலாவில் ரயில் மாறி, நாலு மணிக்குப் புத்தகத்தோடு அவரே வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை வாசித்தார். அக்கா அழுதாள். மூன்று முறை எழுதியும் பதிப்பகத்திலிருந்து பதில் வரவில்லை. அவரும் வருவதை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் வேறு வேறு புத்தகங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா அந்தக் காசெட்டைப் போடச் சொன்னாள். முதலில் தையல் மிஷின். பிறகு அவர்.

"தங்கச்சி, மிச்சத்தப் பதிய அனுமதி கேட்டிருக்கு. அது வர வரைக்கும் நான் நேர்ல வந்து வாசிக்கேன்."

அதன் பிறகு வெறும் நாடா ஓடும் சத்தம். முடியும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன முறை அவர் தோல் துண்டை அடையாளம் வைத்துவிட்டுப் போன புத்தகம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ரெக்கார்டரை அணைத்துவிட்டு அதை எடுத்து, அடையாளம் இருந்த இடத்திலிருந்து அக்காவுக்கு வாசித்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஞாயிறு நாலு மணி. பதிப்பகத்தின் பதில் இன்னும் வரவில்லை.