ப்ளெவின் வெட்டிய வரி

கிங்டன் தபால் நிலையத்தில் தந்தி அடிக்கும் எட்கர் ப்ளெவினுக்குச் சொற்களின் மேல் பைத்தியம். நாடெங்கும் ஆள் பிடித்து ஒரு பெரிய ஆங்கில அகராதியைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது, பெயர் மட்டும் அச்சில் வரும். அந்தப் பெயருக்காகத்தான் மனுஷன் ஏழு வருஷமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் துரத்திய சொல் 'அப்யூஸ்'. லத்தீனிலிருந்து வந்தது. ஆதியில், ஒன்றை உபயோகித்து உபயோகித்தே தீர்த்துவிடுவது என்று அர்த்தம். அது எப்போது பொருள்களைச் சீரழிப்பதைக் குறிக்க ஆரம்பித்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். பாலாடைக்கட்டிக் கடைக்காரரின் விதவை ஹெஸ்டர் ப்ரோத்தரோ இரவல் கொடுத்த பழம் பிரசங்கப் புத்தகத்தில் அது கிடைத்தது. 'ஆண்டவர் இரவலாகத் தந்தவற்றை அப்யூஸ் செய்யாதீர்.' அதுதான் அந்த அத்தியாயத்தின் கடைசி வரி.

சொந்தப் புத்தகமானால், கை வலிக்க எழுதாமல் வரியையே வெட்டிச் சீட்டில் ஒட்டிவிடுவது அந்தக் கூட்டத்தில் சகஜம். ப்ளெவின் இரவல் புத்தகத்திலேயே கத்தரிக்கோலை வைத்தார். பின்பக்கம் வெற்றிடத்தில் யாரோ மையால் ஏதோ எழுதியிருந்தார்கள். பார்த்தார். பார்த்தும் வெட்டினார், பாவி மனுஷன்! மை எழுத்து அடியில் போகும்படி பசை தடவி ஒட்டியும்விட்டார்.

அகராதி அலுவலகத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அந்தப் பூரிப்போடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"இருங்க, இதுல ஒண்ணு காட்டுறேன்," என்றாள் ஹெஸ்டர். "எனக்குப் படிக்கத் தெரியாது, மிஸ்டர் ப்ளெவின். ஆனா எந்தப் பக்கம்னு கை அறியும்."

சரியாக அந்தத் தாளைத்தான் திருப்பினாள். அங்கே நீளமாக ஓர் ஓட்டை.

"ஐயோ, எம் பொண்ணு பேரு! பதினோரு நாள்தான் இருந்தா. அவரு கைப்பட எழுதி வெச்சாரு. கல்லறையில ஒரு கல்லு வைக்கக்கூட எங்களுக்கு அப்ப வக்கில்ல."

ப்ளெவின் வாயில் பொய் தானாக வந்தது. "எலி கடிச்சிருக்கும், மிஸஸ் ப்ரோத்தரோ."

"பாலாடைக்கட்டி விக்கிற வீடு, எலிக்கா பஞ்சம்? நான்தான் பத்திரமா வெச்சுக்கல. போங்க, உங்க கையில கொடுத்ததே கிழிஞ்ச புத்தகம். மன்னிச்சுக்குங்க."

மன்னிப்பு வேறு! வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சீட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினார். பசையை நனைத்துப் பிரித்தால் மை கரைந்துவிடும், ஆகவே இயலாது என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் ஹெஸ்டர் நாலு பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "புள்ளையத்தான் காப்பாத்தல. பேரையாவது காப்பாத்தினேனா? நானெல்லாம் ஒரு தாயா?"

இதற்குமேல் தாங்காது. ப்ளெவின் தொப்பியைக் கழற்றினார்.

"எலி இல்ல, மிஸஸ் ப்ரோத்தரோ. நான்தான் வெட்டினேன். அகராதிக்காக."

ஹெஸ்டர் அழவுமில்லை, திட்டவுமில்லை.

"பின்னாடி எழுத்து இருந்ததே, பாக்கலையா?"

"பாத்தேன்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்ப எம் பொண்ணு பேரு என்ன? சொல்லுங்க."

பிரசங்க வரி அவருக்குக் காற்புள்ளி உட்பட மனப்பாடம். பக்க எண்கூடத் தெரியும். பெயர் வரவில்லை. எவ்வளவு துழாவியும் வரவில்லை.

"டபிதா," என்றாள் ஹெஸ்டர். "சொல்லுங்க."

"டபிதா."

"கேக்கல. சத்தமா."