கற்கண்டுக்குப் பதில் ஓட்ஸ் பிஸ்கட்

மகளுக்கு ஏழாம் மாதம். கிள்ளானில் என் வீட்டில் வளைகாப்பு வைக்க நாள் பார்த்தாகிவிட்டது. சம்பந்தியம்மா மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மகளின் மாமியாரைச் சொல்கிறேன், பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறவர். யாழ்ப்பாணத்து வழி, அந்தக் காலத்து அரசாங்க உத்தியோகக் குடும்பம். நான் ரோட்டு வேலைக்காரர் மகள், மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் யாருக்கும் குறைந்தவள் என்று ஒரு நாளும் என்னை நான் நினைத்ததில்லை. அதனால் முதலில் கோபம்தான் வந்தது. நம் வீட்டு விசேஷம் அவருக்கு மட்டமாகப் போய்விட்டதோ என்று மகளிடம் போனில் கேட்டேன். செமினியில் தனிக்குடித்தனம் இருக்கிற அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அது இல்லம்மா. சீனி வியாதி வந்ததுலேருந்து அத்தை எந்த விசேஷத்துக்கும் போறதில்ல. போற இடமெல்லாம் ஒன்னே ஒன்னுன்னு வாயில திணிக்கிறாங்களாம். வேணாம்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாங்களாம். முதல் வளையல் அவங்க கையால போடணும்னு எனக்கு ஆசைம்மா."

அப்படித் திணித்தவர்களில் நானும் ஒருத்தி. போன தீபாவளிக்கு அவர் கையைப் பிடித்து அதிரசம் கொடுத்தது நான்தான்.

நேரில் போய்த் தட்டு வைத்து அழைப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் வழக்கத்தில் தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமத்தோடு கற்கண்டு இருக்க வேண்டும். சீனிக்காரர் வீட்டுக்குக் கற்கண்டு தூக்கிக்கொண்டு போவதா? அவர் காலையில் ஓட்ஸ் கஞ்சிதான் குடிக்கிறார் என்று மகள் சொல்லியிருந்தாள். ஓட்ஸும் கச்சான் கடலையும் பாதாமும் போட்டு பிஸ்கட் சுட்டு, அதைக் கற்கண்டு இடத்தில் வைக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். பச்சை ஓட்ஸை அப்படியே ஓவனில் வைக்க எனக்கு மனம் வராது. ரவை வறுப்பது போல வாசம் வரும்வரை வறுத்தேன். கச்சானையும் பாதாமையும் வறுத்துப் பொடித்தேன். தட்டைக்குத் தட்டுவது போல உள்ளங்கையில் வைத்துத் தட்டினேன். முதல் தட்டு அருமையாக வந்தது. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இனிப்புக்கு என்னம்மா போட்டீங்க?"

"சீனி ஒரு துளி கெடையாது. கூலா மலாக்கா வெல்லம்தான்."



"அம்மா, அதுவும் சீனிதான்லா. தட்டோட ஆம்புலன்ஸையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

அந்தத் தட்டு பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவுக்குப் போனது. கூலா மலாக்கா இல்லாமல் சுட்ட இரண்டாவது தட்டு தொட்டதும் உதிர்ந்தது. முட்டை போட்டால் பிடிக்கும், ஆனால் வெள்ளிக்கிழமை நான் முட்டை தொட மாட்டேன். கச்சானில் பாதியை எண்ணெய் விடும்வரை அரைத்தேன். கனிந்த வாழைப்பழம் ஒன்றே ஒன்று பிசைந்து சேர்த்தேன். சின்னச் சின்னதாகத் தட்டி, தீயைக் குறைத்து, அவசரப்படாமல் விட்டேன். பிடித்துக்கொண்டது.

மறுநாள் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன்.

"வாங்கோ, இருங்கோ," என்றார் சம்பந்தியம்மா. தட்டை வாங்காமல் பார்த்தார். "கற்கண்டைக் காணேல்லை?"

"உங்களுக்குக் கற்கண்டு கொண்டுவர நான் என்ன எதிரியா சம்பந்தி?"

ஒரு பிஸ்கட்டை எடுத்து மோந்து பார்த்தார். "தேன் விட்டனீங்களோ?"

"இல்ல. ஒரு தட்டுக்கு ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு மிஷின்தான் உண்மையைச் சொல்லும்."

"அப்ப மிஷினையே கேப்போம். நான் இருக்கேன், எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

விரலைக் குத்தி மிஷினில் சீனி அளவை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெறும் தேநீரோடு இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார். மறுபடி பார்க்க இரண்டு மணி நேரம் ஆக வேண்டுமாம். சம்பந்தியாகி மூன்று வருஷத்தில் நாங்கள் கால் மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. முதலில் மின்விசிறியைப் பார்த்தோம். பிறகு கூலா மலாக்கா கதையைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. டொக்டர் சீனியை விடச் சொன்ன முதல் வருஷம் நானும் கூலா மலாக்கா போட்டுத்தான் தேத்தண்ணி குடிச்சனான்."

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. அவர் வீட்டுக்காரர் அலமாரியில் மிட்டாய் ஒளித்து வைப்பது, என் முழங்கால், பிள்ளைக்கு என்ன பேர் வைப்பார்கள் என்பது என்று இரண்டு மணி நேரம் தாண்டிப் போய்விட்டது.

மறுபடி குத்தினார். எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், நம்பர் நன்றாகத் தெரியும். கொஞ்சம்தான் ஏறியிருந்தது. கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை பார்த்தார்.

"வளைகாப்பு அண்டைக்கு ஆராவது லட்டைத் தூக்கிக்கொண்டு வந்தா?"

"என்னைத் தாண்டித்தான் உங்ககிட்ட வரணும். நான் ஓரமா நிக்கிற ஆள் இல்ல."

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு, போனை எடுத்து என் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உமக்குப் பச்சை வளையல் விருப்பமோ, சிவப்போ? நான் வாங்கிக்கொண்டு வாறன்."

"பச்சை அத்தை, பச்சை!" என்று மகள் கத்தியது எனக்கே கேட்டது.