சாம்பார் வாளியோடு ஒரு படம்

என் தங்கை கார்குழலி அப்போது ராயபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தாள். மெமரி கார்டில் அழிந்துபோன படங்களை மீட்பது அவள் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான், துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் அவளை அழைத்துவர சைக்கிளில் போவேன். அந்தக் கடையில் இன்று மருந்து விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இப்போதும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

2005 ஆவணி, செவ்வாய்க்கிழமை. காத்திவாக்கத்திலிருந்து கெங்கம்மா ஒரு மெமரி கார்டோடு வந்தார். அவர் கணவர் மண்ணாங்கட்டி இறந்து பதின்மூன்று நாள். பதினாறாம் நாள் மாலை போட ஒரு படம் வேண்டும். உயிரோடு அவர் படத்தில் இருந்தது மகளின் மஞ்சள் நீராட்டில் மட்டும்தான். கார்டிலிருந்த அந்தப் படங்களைக் கொழுந்தனார் கை தவறி மொத்தமாக அழித்துவிட்டார்.

"அதுக்கப்புறம் இதுல வேற படம் எடுத்தீங்களாக்கா?" என்று கேட்டாள் கார்குழலி.

"ஆமாம்மே. சாவன்னிக்கி அவர நாற்காலில குந்தவச்சி, புள்ளைங்கள பக்கத்துல நிக்கவச்சி எடுத்தோம். எடுக்காம இருப்பாங்களா?"

"எத்தினி?"

"இருவது கீது."

கார்குழலி என்னைப் பார்த்தாள். முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள்: "உன் யார்டு மாதிரிதாண்ணா. அழிக்கிறதுன்னா பதிவேட்டுல பேர அடிக்கிறது. பெட்டி நின்ன எடத்துலயே நிக்கும். அந்த எடத்துல வேற பெட்டி வந்தாதான் போச்சு."

புதிதாக எதுவும் பதிந்துவிடாமல் கார்டின் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளினாள். முழுவதையும் நகலெடுத்துக்கொண்டு, கார்டைக் கவரில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டாள். அசலில் ஒருநாளும் கை வைக்கமாட்டாள்.

மறுநாள் மாலை கெங்கம்மா வந்தார். மேடையில் மகளோடு அவர் கணவர் நின்ற படங்கள் ஒன்றுகூட வரவில்லை. அந்த இடங்களில் சாவுப் படங்கள் உட்கார்ந்துவிட்டன. மஞ்சள் நீராட்டில் கடைசியாக எடுத்த பந்திப் படங்கள் மட்டும் மிஞ்சின. கார்குழலி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். ஐம்பத்தெட்டாவதில், இலைகளுக்குப் பின்னால், கையில் வாளியோடு மண்ணாங்கட்டி.

"அய்ய! மேடையில போட்டோன்னதும் மூஞ்ச உர்ருனு வச்சிக்கிச்சே இந்த ஆளு. சிரிக்குது பாரு!" என்றவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாளிய வெட்டிட்டு மூஞ்ச மட்டும் போடவாக்கா?"

"வேணாம்மே, இருக்கட்டும். அன்னிக்கி நானூறு பேருக்கும் அவருதான் சாம்பார் ஊத்தினாரு. வேற யாரையும் வாளியத் தொடவுடல."

பதினாறாம் நாள் நாங்கள் இருவரும் போனோம். வாளி மறையாதபடி மாலையை இரண்டு பக்கமும் விலக்கிக் கட்டியிருந்தார் கெங்கம்மா.