முழ நீள மின்னல்

“சூனியமும் இல்ல, குறளியும் இல்ல மீனம்மா. அது கரண்டு” என்றேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், விடுவதாக இல்லை.

“கரண்டுன்னா வயருக்குள்ள ஓடணும். ஒங்க மருமக கிட்ட அந்தரத்துல நெளியுது. எங்க டிவி வேற கோடு கோடா போவுது!”

“ஒன் டிவி மழைக்கே கோடு போடும். அதுக்கு யாரு சூனியம் வச்சா?”

என் மருமகள் ஜெயந்தினி, ஹட்டனில் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றும் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் மின்வேலை சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். இவளிடம் சான்றிதழ் இல்லை. நீயே செய்த ஒன்றைக் கொண்டுவந்து இயக்கிக் காட்டு, பார்க்கலாம் என்றார்களாம். அதற்காகச் செய்ததுதான் இந்த மின்னல் யந்திரம். கீழே தடித்த கம்பி ஏழெட்டுச் சுற்று. நடுவில் நிற்கும் குழாயில் மயிர் போன்ற கம்பி ஆயிரம் சுற்று. உச்சியில் அலுமினியச் சட்டி. கீழ்க்கம்பி கொடுக்கும் சக்தியை மேல்கம்பி வாங்கிச் சட்டியிலிருந்து மின்னலாக விடும்.

நடுவில் ஒரு தப்பு நடந்தது. செய்தது நான்தான். அந்த ஆயிரம் சுற்றுச் சுருளுக்குப் பூசிய வார்னிஷ் பனியில் காயவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் காயாத எதையும் அடுப்புக்கு மேலே பரணில்தானே வைப்போம்? அதையும் வைத்தேன். மூன்று நாளில் கரி படிந்து, மின்னல் சட்டிக்குப் போகாமல் சுருளின் மேலேயே இறங்கி ஓடியது.

“அத்தே, கரியிலயும் கரண்டு ஓடும்.”

“ஈரமாவே கெடந்தா மட்டும் ஓடாதாக்கும்?”

சிரித்துக்கொண்டே கம்பியை அவிழ்த்தாள். மறுபடி ஆயிரம் சுற்று.

அப்போதும் மின்னல் விரல் நீளந்தான். “கீழ்க்கம்பிக்குக் கரண்டு குடுக்குற டிரான்ஸ்போமர இன்னும் பெருசா வையேன்டி” என்றேன்.

“கூடக் குடுத்தா போதுமா அத்தே? வாங்குறவங்க வாங்கணும். கொழுந்துச் சாக்க லொறிக்கு வீசுறப்ப, மேல நிக்கிறவரு அந்த நேரத்துக்குக் கை நீட்டலன்னா?”

“நம்ம தலையிலயே விழும்.”

“இங்கயும் அப்புடித்தான்.”

இரண்டு கம்பியிலும் மின்சாரத்தின் ஆட்டம் ஒத்துப்போக, கீழ்க்கம்பியில் மாட்டிய கிளிப்பை ஒவ்வொரு சுற்றாக நகர்த்திப் பார்த்தாள். ஐந்தாம் சுற்றில் சாண் நீளம் வந்தது. போதும் என்றேன். கேட்டாளா? இன்னும் அரைச்சுற்றுக் கூட்டினாள்.

“மின்னல் நீண்டா அதுவும் சட்டியோட சேந்த மாதிரி. மேல்கம்பியோட ஆட்டம் கொஞ்சம் மெதுவாயிரும். அதுக்கும் சேத்துத்தான் எடம் விடணும்.”

முழ நீளத்துக்குச் சீறியது! வாசலில் நின்ற மீனம்மா “ஆத்தாடி!” என்று ஓடினாள். கொஞ்சநேரம் கழித்துத் திரும்பி வந்து, “இன்னொருக்கா போடு புள்ள” என்றாள்.

பயிற்சி நிலையத்திலும் அப்படியே சீறியதாம். வேலை கிடைத்தது.

முதல் திங்கட்கிழமை ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். யந்திரம் மூலையில் நின்றது.

“இத எடுத்துக்கிட்டுப் போகலியா?”

“செஞ்சதக் கொண்டுபோனா படிக்கிற புள்ளைங்க வேடிக்கதான் பாப்பாங்க. அவங்களே சுத்தட்டும் அத்தே” என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் படியிறங்கினாள்.